கனகத்தின் கையில் டம்ளர்

உலகத்தில் ரோகிணியை மிகவும் பயமுறுத்துகிற வாக்கியம் ஒன்று உண்டென்றால், “நீங்க போங்க மேடம், நான் பாத்துக்கறேன்” என்பதுதான். காஸை மூடினோமா என்று படியிறங்கிய பிறகு திரும்ப ஏறிப் பார்க்கிற ரகம் அவள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் இழுப்பாள். கணவன் கேலி செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டான். இப்போதெல்லாம் அவனே, “நானும் இழுத்துட்டேன், வா” என்று சொல்லிவிடுகிறான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ மற்றவர்கள் தொண்டையைக் காவல் காக்கிற வேலை. பெயருக்கு ஸ்பீச் தெரபிஸ்ட். ஆனால் செகந்திராபாத் மெட்டுகுடாவில் அவள் வேலை பார்த்த மறுவாழ்வு மருத்துவமனையில் பேச்சைவிட விழுங்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டை தன் வேலையை மறந்துபோகும். வயிற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். நமக்குப் புரை ஏறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். அவர்களுக்கு ஏறினால் நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாவாகி, ஆளையே கொண்டுபோய்விடும்.

இந்த நிலைமையில்தான் தலைமை டாக்டர் கிருஷ்ணா எல்லாத் தெரபிஸ்ட்டுகளையும் கூப்பிட்டு, இனிமேல் ஒவ்வொருவருக்கும் ஒரு தெரபி அசிஸ்டென்ட் என்று அறிவித்தார். நோயாளியைச் சோதித்து, என்ன செய்வதென்று முடிவு செய்வது தெரபிஸ்ட். அதை அன்றாடம் செய்ய வைப்பது அசிஸ்டென்ட். பிசியோதெரபிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர்களுக்கென்ன, நடக்க வைக்கும்போது தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் கிடைத்தால் கசக்குமா? ரோகிணி மட்டும் கையைத் தூக்கினாள்.

“தப்பு நடந்தா யார் சார் பொறுப்பு?” என்று கேட்டாள்.

“வேலை அவங்களோடது. பொறுப்பு உங்களோடதுதான்” என்றார் கிருஷ்ணா. அதை ஏதோ ஆறுதல் போலச் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அவள் நகரத்தின் மறுகோடியில் இருந்த மாதாப்பூர் கிளைக்குப் போக வேண்டும். அந்த நாட்களில் இங்கே விழுங்கப் பழகுகிறவர்கள் எல்லாம் ஆகாரம் இறக்குகிற மூக்குக் குழாயோடு சும்மா படுத்திருந்தார்கள். பழகப் பழகத்தான் தொண்டை திரும்பும். ஆள் வேண்டும் என்பது அவளுக்கே தெரியும். வருகிற ஆள் இன்னொரு ரோகிணியாக இருந்தால் அவளுக்கு எந்த ஆட்சேபணையும் இருந்திருக்காது.

வந்ததோ கனகம்.

கனகத்துக்கு வயது நாற்பதுக்கு மேல். அவள் கொள்ளுத்தாத்தா இங்கிலீஷ்காரன் காலத்தில் ரயில் வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து செகந்திராபாத் வந்தவர். வந்த குடும்பம் மெட்டுகுடாவைத் தாண்டி நகரவில்லை. வீட்டில் தமிழ்தான். ஆனால் அவள் வாயில் ஒரு வாக்கியம் தமிழில் புறப்பட்டு, தெலுங்கில் வண்டி மாறி, உருதுவில் போய் இறங்கும். இதே ஆஸ்பத்திரியில் கீழே உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள், அமீர்பேட்டில் அசிஸ்டென்ட் கோர்ஸ் படித்துவிட்டு நீலக் கோட்டோடு மாடியேறி வந்துவிட்டாள்.

“டோக்கன் குடுத்துக் குடுத்து அலுத்துப்போச்சு மேடம். மனுசங்களைத் தொட்டு ஒரு வேலை செய்யணும்னு ஆசை” என்றாள் முதல் நாளே. ரோகிணி முகத்தைப் பார்த்துவிட்டு, “கைகூ மேடம், எதுக்கு இவ்ளோ டென்ஷன் ஆறீங்க? நான் பாத்துக்கறேன்” என்றாள்.

வந்துவிட்டது அந்த வாக்கியம்.

சொல்லிக்கொடுப்பதில் ரோகிணி குறை வைக்கவில்லை. நோயாளியை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். தண்ணீரானாலும் காபியானாலும் பவுடர் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்க வேண்டும். அரை ஸ்பூன்தான் கொடுக்க வேண்டும். விழுங்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கச் சொல்ல வேண்டும். தாடை இறங்கினால் மூச்சுக் குழாய்க்குக் காவல். விழுங்கிய பிறகு ‘ஆ’ சொல்ல வைத்துக் குரலைக் கேட்க வேண்டும். குரல் ஈரமாக, கொழகொழவென்று வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இதையெல்லாம் தன் மேலேயே செய்து காட்டினாள். கனகத்தின் மேல் செய்து பார்த்தாள். கனகத்தை விட்டுத் தன் மேல் செய்யச் சொன்னாள். கனகம் எல்லாவற்றையும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். இவ்வளவு சட்டென்று ஏன் பிடித்துக்கொள்கிறாள் என்று ரோகிணிக்கு அதுவும் ஒரு கவலையாகப் போயிற்று.

கனகத்திடம் அவள் முதலில் ஒப்படைத்தது சிவஞானத்தை. ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, கொடி காட்டி வண்டியை அனுப்பியவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை நன்றாக வேலை செய்தது. ஏற்கெனவே ஒரு தடவை புரை ஏறி, நிமோனியா வந்து, ஐசியூ வரை போய்த் திரும்பியவர். இன்னொன்று வந்தால் தாங்க மாட்டார் என்று கிருஷ்ணா தெளிவாகச் சொல்லியிருந்தார். ஒழுங்காக விழுங்கப் பழகிவிட்டால் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நடுவில் ஒரு தடவை பிசகினால் எதுவும் கையில் இல்லை.

அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த ஒரே வார்த்தை ‘காபி’. மனைவி அபயாம்பாள் வீட்டிலிருந்து அவருடைய எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தாள்.

“ஸ்பூன்லதானே குடுக்கறோம், டம்ளர் எதுக்கும்மா?” என்று ரோகிணி கேட்டாள்.

“இருக்கட்டும்மா. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அவருக்கு ஒரு தெம்பு” என்றாள் அபயாம்பாள்.

கனகம் அவரைப் பெரியப்பா என்றும் அவளைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டாள். ஸ்பூனை நீட்டி, “தாடை கீழே, பெரியப்பா. கொடி காட்டியாச்சு, வண்டி போகட்டும்” என்பாள். கிழவர் ஒரு பக்க வாயால் சிரித்துக்கொண்டே விழுங்குவார். ரோகிணி கொடுக்கும்போது அவர் சிரித்ததில்லை. மாதாப்பூரில் இருக்கும் நாட்களில் அவள் போன் மேல் போன் போட்டாள். கனகம் சளைக்காமல் பதில் சொன்னாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நல்லபடியாகப் போகப் போக ரோகிணிக்கு நெஞ்சில் பாரம் கூடியது. எங்கேயோ ஒன்று இடறப் போகிறது என்று காத்திருப்பவளுக்கு நல்ல சேதி எப்படி நிம்மதி தரும்?

அந்த வியாழக்கிழமை காலையில் கிருஷ்ணா அவளைக் கூப்பிட்டு, “அந்தம்மாவைக் கொஞ்சம் நம்புங்கம்மா. ஓயாம போன் பண்ணா அவங்க எப்படி வேலை செய்வாங்க?” என்றார். ரோகிணிக்குச் சுருக்கென்றது. சரி, இன்றைக்கு ஒரு நாளாவது மற்றவர்களைப் போல இருந்து பார்ப்போம் என்று தீர்மானித்துக்கொண்டு மாதாப்பூருக்கு ரயிலேறினாள்.

பகல் பதினொரு மணி வாக்கில் கனகமே போன் செய்தாள். ரோகிணியின் எதிரில் குரல் கட்டிப்போன ஒரு ஐடி கம்பெனிப் பெண் உட்கார்ந்திருந்தாள். வெளியே இன்னும் பல பேர் காத்திருந்தார்கள்.

“மேடம், பெரியப்பா ஸ்பூனைத் தள்ளி விடறாரு. டம்ளரைக் காட்டறாரு. நேத்து நீங்களே சொன்னீங்கல்ல, இனி டம்ளர்ல ஆரம்பிக்கலாம்னு. குடுக்கட்டுமா?”

சொன்னது உண்மைதான். நாளைக்கு வந்து, பக்கத்தில் நின்று, தானே ஆரம்பித்து வைக்கலாம் என்று நினைத்திருந்தாள். நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் பட்ட சுருக்கு இன்னும் ஆறவில்லை. “சரி, டம்ளர்லேயே குடுத்துப் பாருங்க. அதே கெட்டியா இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவள் அன்றைக்கு அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மறுபடியும் போன். இந்தத் தடவை கனகத்தின் குரலில் சிரிப்பு இல்லை.

“மேடம், பெரியப்பாக்குப் புரை ஏறிடுச்சு. இருமல் நிக்கவே இல்ல. டியூட்டி டாக்டர் வந்து ஆக்சிஜன் வெச்சிருக்காரு. நீங்க வந்துடுங்க.”

டப்பாவை மூடினாளா என்பது இன்றுவரை ரோகிணிக்கு நினைவில்லை.

மெட்ரோ ரயில் தன் வேகத்தில்தான் போனது. அமீர்பேட்டில் கோச்சிங் சென்டர் கூட்டம் அடித்துப் பிடித்து ஏறியது. யாரோ ஒருவனின் முதுகுப் பை அவள் முகத்தில் இடிக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி யோசித்தாள். பவுடர் கலக்க மறந்திருப்பாளோ. சாய்ந்து படுத்திருக்கும்போதே கொடுத்திருப்பாளோ. பேசிக்கொண்டே மளமளவென்று ஊற்றியிருப்பாள், வாய்தான் மூடாதே. கனகம்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்த மாத்திரத்தில் உடம்பு கொஞ்சம் லேசானது. அந்த லேசு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அதற்கும் பின்னால், அழைக்காத விருந்தாளியாக இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. டம்ளரில் கொடு என்று தான் சொன்னது போனில். கேட்டது கனகம் ஒருத்திதான். செகந்திராபாத் தாண்டிய பிறகும் அந்த நினைப்பை அவளால் எழுப்பி அனுப்ப முடியவில்லை.

மெட்டுகுடா ஸ்டேஷனிலிருந்து வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்து மாடியேறினாள். சிவஞானம் முகத்தில் மாஸ்க்கோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூச்சு விடும்போது நெஞ்சில் கரகரவென்றது. உடம்பு சுடத் தொடங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது என்றாள் நர்ஸ்.

“தலையில தட்டினேம்மா” என்றாள் அபயாம்பாள். “யாரோ நினைக்கறாங்க போலன்னு சொல்லிக்கிட்டே தட்டினேன். அப்புறம் பாத்தா மொகம் நீலமா போகுது.” டம்ளர் இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

ரோகிணி கனகத்தை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள்.

“பவுடர் போட்டீங்களா?”

“போட்டேன் மேடம். மிச்சக் காபி உள்ள மேஜை மேலயே இருக்கு, பாருங்க.”

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தேன் பதம், மிகச் சரியாக இருந்தது.

“உக்கார வெச்சீங்களா?”

“தலகாணி ரெண்டு முட்டுக் குடுத்து, நேரா.”

“எவ்வளவு ஊத்தினீங்க?”

“நான் எங்க ஊத்தினேன்? டம்ளர்ல கொஞ்சூண்டு விட்டு அவர் கையில குடுத்தேன். அவரா வாங்கினாரு, அவரா குடிச்சாரு. பெரியம்மாக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ரெண்டாவது வாயில ஏறிடுச்சு.” கனகம் கைகளை விரித்தாள். “நீங்க சொன்ன மாதிரிதான் மேடம் எல்லாம் செஞ்சேன். என்ன தப்பாச்சுன்னு எனக்கே புரியல.”

ரோகிணிக்கும் புரியவில்லை. புரியாதது எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. பொய் சொல்கிறாளா? சொல்கிற முகம் இல்லை. வெயிலில் ஓடிவந்த தாகம் அப்போதுதான் உறைத்தது. பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் கடகடவென்று ஊற்றிக்கொண்டாள்.

“அப்படித்தான் மேடம்” என்றாள் கனகம். “அவரும் அப்படித்தான் குடிச்சாரு.”

வாய் நிறையத் தண்ணீரோடு ரோகிணி அப்படியே நின்றாள்.

தமிழ் வீட்டில் டம்ளரைக் கையில் எடுத்தால் தலை தானாக அண்ணாந்துவிடும். எச்சில் படக் கூடாது என்று சின்ன வயதில் யாரோ சொன்னது. அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. கார்டு வேலையில் ஊர் ஊராகப் போய், கண்ட டம்ளரில் குடித்த மனிதருக்குக் கேட்கவே வேண்டாம். அண்ணாந்தால் மூச்சுக் குழாய் விரியத் திறந்து நிற்கும். கெட்டியான காபியோ டம்ளரைக் கவிழ்த்ததும் உடனே வராது. மேலும் கவிழ்த்தால் மொத்தமாக வந்து தொண்டையில் விழும். தாடை கீழே, தாடை கீழே என்று ரோகிணி நூறு முறை சொன்னதெல்லாம் ஸ்பூனுக்கு. ஸ்பூனில் குடிக்கிறவர் யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை. டம்ளருக்கு அவள் எதையும் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்குமா என்பதே சந்தேகம். அவளும்தான் தினமும் அப்படிக் குடிக்கிறாள்.

தண்ணீரை மெதுவாக விழுங்கினாள். தாடையை இறக்கிக்கொண்டு விழுங்கினாள்.

“அதைப் பாத்து உங்களுக்கு ஒண்ணும் தோணலையா கனகம்?”

“எங்கப்பா அப்படித்தான் குடிப்பாரு, நானும் அப்படித்தான் குடிக்கறேன். தப்பா எதுவுமே தெரியல மேடம். சொல்ற அளவுக்குக் கூட ஒரு விஷயமாத் தெரியல.”

அதற்குள் கிருஷ்ணா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். வலது நுரையீரலின் அடியில் ஒரு நிழல் தெரிகிறது, சின்னதுதான், ஆனால் அடுத்த ரெண்டு நாள் முக்கியம் என்றார். பிறகு தெலுங்கும் இங்கிலீஷுமாகக் கேட்டார். “ஸ்பூன்ல இருந்த ஆளை டம்ளருக்கு மாத்தினது யாரு?”

கனகம் வாயைத் திறக்கவில்லை. ரோகிணியைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

ரயிலில் வந்த அந்த விருந்தாளி நினைப்பு இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை போதும். ஒரு வார்த்தைகூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். நீலக் கோட்டு கீழே இறங்கி டோக்கன் கவுண்டருக்குப் போய்விடும். யார் பொறுப்பு என்று ரோகிணி அன்றைக்கே கேட்டாளே என்று எல்லோரும் பேசுவார்கள்.

“நான்தான் சார்” என்றாள். “போன்ல சொன்னேன். டம்ளர்ல எப்படிக் குடிக்கணும்னு அவங்களுக்கு நான் காட்டவே இல்ல.”

கிருஷ்ணா கோபப்பட்டால் கத்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார். “அப்போ இந்த அசிஸ்டென்ட் ஏற்பாட்டை நிறுத்திடலாமா? ஆரம்பத்துலேருந்தே உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லையே.”

இத்தனை நாள் அவர் கேட்க மாட்டாரா என்று அவள் ஆசைப்பட்ட கேள்வி. இப்போது அவர் கேட்டவுடன் அவளுடைய பதில் வேறாக இருந்தது.

“போன்ல சொல்றதை நிறுத்தணும் சார். பக்கத்துல நின்னு காட்டாத எதையும் நான் ஒப்படைக்க மாட்டேன்.”

அவர் தலையசைத்தாரா, இல்லையா என்று தெரியாதபடி ஒரு அசைப்பு அசைத்துவிட்டு உள்ளே போனார். கனகம் கோட்டின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்களே சொல்லியிருக்கலாமே” என்றாள் ரோகிணி.

“ஹவ், ஆமா, சொல்லியிருக்கலாம். நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்” என்றாள் கனகம். “சொல்லலைன்னா அப்புறம் உங்ககூட எப்படி வேலை செய்யறது?”

அந்த ரெண்டு நாளும் ரோகிணி மாதாப்பூர் பக்கமே போகவில்லை. சோறு இறங்கவில்லை. வீட்டில் பூட்டை இழுத்துப் பார்க்க மறந்தாள். கணவன் அதைப் பார்த்துத்தான் பயந்துபோனான். வார்டில் அவளும் கனகமும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, ஏறி இறங்குகிற ஒரு கிழட்டு நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கரகரப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. மாஸ்க்கை எடுத்ததும் சிவஞானம் சொன்ன முதல் வார்த்தை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் ஸ்பூனிலிருந்து ஆரம்பித்தார்கள். டம்ளருக்கு வந்தபோது ரோகிணி பக்கத்தில் நின்றாள். வாய் அகலமான டம்ளர், பாதிக்கு மேல் காபி. அப்படி இருந்தால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியதே இல்லை. எச்சில் பட்டாலும் பரவாயில்லை, உதட்டில் வைத்து உறிஞ்ச வேண்டும். கிழவரின் தலை பழக்கத்தில் மேலே போகும். போகும் முன்பே கனகத்தின் விரல் தாடையில் இருக்க வேண்டும். முதலில் ரோகிணி செய்து காட்டினாள். பிறகு கனகம் செய்தாள், ரோகிணி பார்த்தாள். அபயாம்பாளும் பழகிக்கொண்டாள். அவர் உறிஞ்சும்போதெல்லாம் அந்த அறையில் நாலு பேர் தாடையும் ஒன்றாக நெஞ்சுக்கு இறங்கியது.

மறுபடியும் ஒரு வியாழக்கிழமை வந்தது. மாதாப்பூரில் ஆட்கள் காத்திருந்தார்கள். ரோகிணி பையை மாட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றாள். கனகம் காபியைக் கலக்கி, ஸ்பூனைத் தூக்கி, சொட்டுகிற பதத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை எடுத்தாள்.

“நீங்க போங்க மேடம்.”

மீதியை அவள் சொல்லவில்லை. ரோகிணி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படியை நோக்கி நடந்தாள். பாதியில் கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து, சத்தம் காட்டாமல் கதவோடு காதை வைத்தாள். உள்ளே தலையணையைச் சரிசெய்கிற சத்தம். தாடை கீழே, பெரியப்பா. பிறகு அமைதி.

உள்ளே யாரோ இருமினார்கள்.

அவள் கை கதவின் பிடிக்குப் பாய்ந்தது.

“நக்கோ மேடம், வராதீங்க, இருமினது நான்தான்” என்று உள்ளிருந்து கனகத்தின் குரல் வந்தது. “நீங்க ரயிலைப் பிடிங்க.”